வட்டத்துக்குள் பதினேழு

ஜனவரி 8

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அக்காவையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் ஒப்பந்தக்காரர் பெரிய வேலை ஒன்றைப் பிடித்திருக்கிறார். துறைமுகப் பாலத்தின் தூண்களை அடிவரை பார்த்து, எங்கெங்கே விரிசல் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டர் ஆழம். ஒற்றை சிலிண்டரோடு இறங்கினால் ஒரு தூணைச் சுற்றி முடிப்பதற்குள் காற்று தீர்ந்துவிடுகிறது. "சொந்தமா இரட்டை சிலிண்டர் வெச்சிருக்கிற டைவருக்குத்தான் இந்த வேலை" என்று கறாராகச் சொல்லிவிட்டார். புதுசெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது.

காது மந்தமாகித் தொழிலை விட்ட பழைய டைவர் ஒருவர் தன்னுடையதை விற்கிறார். இரும்பு சிலிண்டர் இரண்டு. இரண்டையும் ஒட்டி நிறுத்தி, குறுக்கே இரண்டு பட்டை போட்டு போல்ட் இறுக்கியது. மஞ்சள் பெயின்ட் அங்கங்கே உரிந்திருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கழுத்துப் பக்கம் விரலை ஓட்டினேன். கடைசியாக டெஸ்ட் செய்த தேதி, நாலு வருஷத்துக்கு முந்தின ஜூலை. பக்கத்திலேயே வட்டத்துக்குள் பதினேழு! டெஸ்ட் முடிந்ததும் நீங்கள் சுத்தியலால் அடிக்கிற பஞ்ச் முத்திரை! "ஐயோ, இது என் மச்சான் அடிச்சது!" என்று கத்தியேவிட்டேன். நல்லவேளை, அவருக்குக் காது கேட்கவில்லை. கேட்டிருந்தால் விலையை ஏற்றியிருப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் "மாப்பிள்ளையோட நுரையீரலையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்று கேட்ட மனிதர் நீங்கள். உங்கள் கை பட்ட இரும்பை நம்பாமல் வேறு எதை நம்புவது? இருந்தாலும் கேட்காமல் வாங்கினால் மரியாதை இல்லை. "வாங்கு" என்று ஒரே ஒரு வரி எழுதிப்போடுங்கள், போதும்.

பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. பட்டறையில் வேலை நெருக்கடி, தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது.

அந்த சிலிண்டர் வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

1. இரும்பு இரட்டை சிலிண்டர் பெரும் பாரம். தண்ணீருக்குள் ஏதாவது ஆனால் கீழேயே இழுத்துக்கொண்டு போகும்.

2. பழைய ஜோடிகளில் இரண்டையும் இணைக்கும் குழாய்க்கு நடுவில் அடைக்கிற வால்வு இருக்காது. ஒரு பக்கம் கசிந்தால் இரண்டு பக்கக் காற்றும் போய்விடும்.

3. பட்டைக்கு அடியில் உப்புத்தண்ணீர் நின்று வெளிப்பக்கம் அரித்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

4. அந்தக் காலத்து வால்வுக்கு இப்போது உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம்.

5. ஒப்பந்தக்காரர் நாளைக்கே வேறு மாதிரிப் பேசலாம்.

ஆகவே இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். தங்கை குட்டிக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு, உங்கள் நலம் நாடும்
மச்சான்


பிப்ரவரி 7

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம், மகளுக்குத்தான் லேசாகச் சளி.

ஐந்து காரணத்தையும் ஐந்து தடவை படித்தேன். பாரம் என்கிறீர்கள். இரும்பு பாரமாக இருந்தால் நான் இடுப்பில் கட்டுகிற ஈயத்தை அவிழ்த்துவிட்டு இறங்குவேன், கணக்கு சரியாகிவிடும். நடுவில் வால்வு இல்லைதான், குழாயை மாற்றிக்கொள்ளலாம். பட்டைக்கு அடியில் அரித்திருக்குமா என்று கேட்டால், அதைப் பார்த்துத்தானே நீங்கள் பஞ்ச் அடித்திருப்பீர்கள்? நான் கேட்டதே அதைத்தான். அதற்கு மட்டும் பதிலே இல்லையே! இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பதினேழைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். டைவருக்குப் பெண் கொடுத்ததில் உங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை. நான் கப்பலடி சுரண்டுகிறவனாகவே இருந்தால் போதும், ஒரு படி ஏறக்கூடாது, அப்படித்தானே?

நேற்று சிலிண்டரை வாங்கி வந்துவிட்டேன். காற்று நிரப்புகிற இடத்தில் தேதியைப் பார்த்தார்கள், உங்கள் பஞ்சைப் பார்த்தார்கள், மறுபேச்சில்லாமல் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் பெயருக்கு இந்த ஊரில் இருக்கும் மதிப்பு உங்களுக்கே தெரியவில்லை.

கோபமில்லாத,
மாப்பிள்ளை


பிப்ரவரி 24

அன்புள்ள குட்டி,

மகளுக்குச் சளி எப்படி இருக்கிறது? தார்ப்பாய்க் கடையில் புது முதலாளி எப்படி? ஊசி குத்திய விரல் ஆறிவிட்டதா?

மாப்பிள்ளை நான் சொன்னதைக் கேட்காமல் அந்த சிலிண்டரை வாங்கிவிட்டாராம். நீயாவது எடுத்துச் சொல். நான் சொன்னால் அவருக்கு ரோஷம் வருகிறது, நீ சொன்னால் கேட்பார். எப்படியாவது அதை மாட்டிக்கொண்டு இறங்க விடாதே. காரணம் கேட்டால் எனக்குக் கெட்ட கனவு வந்தது என்று சொல்லிவிடு.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

மகளுக்குச் சரியாகிவிட்டது. விரலும் ஆறிவிட்டது, அதே விரலில் மறுபடியும் குத்திக்கொண்டுவிட்டேன்.

கெட்ட கனவா? பாம்பைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு "கயிறுதான்" என்று அப்பாவிடம் சாதித்த ஆள் நீ. உனக்குக் கனவெல்லாம் எப்போதிலிருந்து வர ஆரம்பித்தது?

நீ அவருக்கு எழுதினதை நானும் படித்தேன். உண்மை பேசும்போது நீ ஒரே வரியில் முடித்துவிடுவாய். எதையாவது மறைக்கும்போதுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுவாய். சின்ன வயதில் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு, அது எப்படியெல்லாம் தானாக விழுந்திருக்கலாம் என்று நாலு காரணம் சொன்னாய். எனக்கு அப்போது ஏழு வயது. அப்போதே தெரிந்தது.

அந்த ஜோடி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அவர் அதை மாட்டிக்கொண்டு ஐந்து தடவை இறங்கிவிட்டார். நடுவில் மழை, மூன்று வாரம் வேலை இல்லை. போன திங்கட்கிழமை, முன்பே நிரப்பி வைத்திருந்த காற்றோடு இறங்கினார். பாதியிலேயே தலை சுற்றிக் கண் இருட்டி, மேலே இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். "வாயெல்லாம் இரும்பு ருசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு இறங்கினதால் வந்த மயக்கம் என்று டாக்டர் சொல்கிறார்.

உனக்கு என்ன தெரியும்? அதை எனக்கு எழுது.

குட்டி


மார்ச் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதைக் குட்டி எழுதியிருந்தாள். நன்றாக ஓய்வெடுங்கள்.

யோசித்துப் பார்த்தேன். அடுத்த வருஷம் எப்படியும் அதற்கு மறு டெஸ்ட் வந்துவிடும். அதை இப்போதே முடித்துவிட்டால் உங்களுக்கும் நிம்மதி. லாரியில் போட்டு எனக்கு அனுப்பிவையுங்கள். லாரி வாடகையும் டெஸ்ட்டும் என் பொறுப்பு. அதுவரை மட்டும் காற்று நிரப்ப வேண்டாம், இறங்கவும் வேண்டாம். இருக்கிற காற்றையும் திறந்து விட்டுவிடுங்கள். வேறு ஒன்றுமில்லை, ஒரு முன்ஜாக்கிரதைதான்.

அன்புடன்,
மச்சான்


ஏப்ரல் 4

மச்சானுக்கு,

நலம்.

லாரிக்காரர் அப்படியே ஏற்ற முடியாது, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பெட்டியில் வைத்துத் தாருங்கள் என்றார். சரி என்று பட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன். நட்டு அசையவில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன், ஒரு ஸ்பானரையும் உடைத்தேன். அப்புறம் வெளிச்சத்தில் வைத்துக் குனிந்து பார்த்தேன். நட்டின் மேல், போல்ட்டின் மேல், பட்டையின் மேல் என்று ஒரே பூச்சாக மஞ்சள் பெயின்ட். நடுவில் ஒரு முடியளவு வெடிப்பு இல்லை. அந்த நட்டின் மேல் ஸ்பானரே பட்டதில்லை.

விற்றவர் வீட்டுக்குப் போய்க் காதருகே கத்திக் கேட்டேன். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நானே மாட்டி நானே பூசினது, அதுக்கப்புறம் யாரும் பிரிக்கலை" என்று அவரும் கத்தினார்.

டெஸ்ட்டுக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி அழுத்தம் கொடுக்க வேண்டுமென்றால் ஜோடியைப் பிரித்து ஒவ்வொன்றாகத்தான் இறக்க முடியும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். அன்றைக்குப் பட்டறையில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, அந்த வேலையை முதலாளியைவிடப் பெருமையாகக் காட்டினீர்கள்.

பெயின்டுக்குப் பதினோரு வயது. உங்கள் பஞ்சுக்கு நாலு வயது. பெயின்ட் உடையாமல் எப்படிப் பிரித்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். மந்திரம் தெரியுமென்றால் எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பதில் வருகிறவரை அது கதவுக்குப் பின்னாலேயே நிற்கும். தூண் வேலைக்கு ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார். நான் மறுபடியும் கப்பலடி சுரண்டுகிறேன்.

மாப்பிள்ளை


மே 20

அண்ணா,

ஆறு வாரம் ஆகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததுமே அவர் எழுந்து நிற்கிறார். தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும் உட்கார்ந்துகொள்கிறார். என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நான் கேட்டால் "உங்கண்ணனைக் கேளு" என்கிறார். உன்னைக் கேட்டால் நீ வாயே திறக்கவில்லை. இரண்டு கல்லுளிமங்கன்களுக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

உயிரோடுதானே இருக்கிறாய்? அதையாவது எழுது.

குட்டி


ஜூன் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எத்தனையோ தாள் எழுதிக் கிழித்துப்போட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

நான் அதைப் பிரிக்கவில்லை. டெஸ்ட்டும் செய்யவில்லை. வெறும் பஞ்ச்தான் அடித்தேன்.

அந்த ஜூலையில் அழுத்தம் கொடுக்கிற பம்ப் பழுதாகிவிட்டது. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவார்கள் என்று முதலாளி குதித்தார். "வெளிய பாத்துட்டு அடிச்சு அனுப்புய்யா, அடுத்த தடவை சரியாப் பாத்துக்கலாம்" என்றார். முதல் சிலிண்டருக்குச் சுத்தியலை இரண்டு தடவை தூக்கிக் கீழே வைத்தேன். பத்தாவதுக்கு நேராக அடித்துவிட்டேன். மொத்தம் நாற்பத்தாறு அடித்தேன். உங்களிடம் இருப்பது இரண்டு. அந்த மாதத்துப் பேரேட்டில் எல்லோருடைய பெயரும் முகவரியும் இருக்கிறது, என் கையெழுத்தில்தான்.

வால்வைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே உப்புத்தண்ணீர் புகுந்திருந்தால் துரு கொட்டும். துருப்பிடித்த சிலிண்டரில் காற்றை அடைத்துப் பல நாள் வைத்தால், காற்றில் இருக்கிற பிராணவாயுவைத் துரு தின்றுவிடும். உங்களுக்குக் கண் இருட்டினது வெறும் வயிற்றினால் இல்லை என்றுதான் நினைக்கிறேன். மார்ச்சிலேயே எனக்கு அது தோன்றியது. அப்போதும் எழுதவில்லை.

காறித் துப்ப வேண்டுமானால் துப்புங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். குட்டிக்கு இது தெரிய வேண்டாம். வெளியிலும் யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும். முதலாளி நழுவிவிடுவார், மாட்டப்போவது நான்தான். எனக்கு மூன்று பிள்ளைகள். படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள். அந்த ஜோடியை உடைத்துவிடுங்கள்.

மச்சான்


ஜூலை 1

மச்சான்,

உங்கள் கடிதம் வந்தபோது சிலிண்டர் வீட்டில் இல்லை.

ஏப்ரல், மே என்று காத்திருந்தேன், ஜூனும் பிறந்துவிட்டது. என் வேலையும் போனது, அதற்குக் கொடுத்த பணமும் போனது. நீங்கள் பதில் எழுதாமல் இருந்ததே எனக்குப் பதில் மாதிரிதான். எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் விற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நட்டின் மேல் இருந்த மஞ்சளைச் சுரண்டி, ஸ்பானரால் நாலு கீறல் போட்டு, மேலே புதுப் பூச்சுப் பூசினேன். பார்க்கிறவர்களுக்குப் பிரித்து மாட்டினது போலவே இருக்கும்.

கடலில் மீன் வளர்க்கிற கூண்டுகளின் வலையைச் சுத்தம் செய்கிற டைவர் வாங்கிக்கொண்டார். "டெஸ்ட்டெல்லாம் சரியா இருக்குமா?" என்று கேட்டார். "பண்ணது என் சொந்த மச்சான்" என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பெயருக்கு மதிப்பு இருக்கிறது என்று நான் முன்பே எழுதவில்லையா?

நீங்கள் என்னைக் காப்பாற்ற நினைத்தது நான் உங்கள் தங்கை புருஷன் என்பதால். மற்ற நாற்பத்து நான்கு சிலிண்டரின் சொந்தக்காரர்களுக்கு நம்பர் போட்டுக்கூட ஒரு கடிதம் போகவில்லையே? எனக்கு அந்தக் கூண்டுக்காரர் என்ன உறவு? ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

குட்டியிடம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், என் விஷயத்தை நீங்களும் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளை


ஜூலை 6

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். அவர் தண்ணீரில் இருந்தார். நின்றபடியே படித்தேன். படித்ததும் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன், வெறும் தரைதான் இருந்தது. சரி, அவரே வாய் திறந்து சொல்கிறாரா பார்ப்போம் என்று உறையை ஒட்டி மேஜையில் வைத்தேன். வந்தார், படித்தார், சாப்பிட்டார். "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டேன். "சும்மா, முதுகுவலிதான்" என்றார். சிலிண்டர் எங்கே என்றால் பழைய இரும்புக் கடை என்றார். கிழிக்கச் சொல்லி நீ எழுதியிருந்தாய், அவர் கிழிக்கவில்லை. மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். என்றைக்காவது உன்னை மிரட்ட உதவும் என்று வைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

கடைத்தெருவில், காற்று நிரப்புகிற இடத்து அம்மாளைப் பார்த்தேன். "உங்க வீட்டு டபுளைக் கூண்டுக்காரர் கொண்டு வந்தாரே, விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கூண்டுக்காரர் வீட்டை விசாரித்துப் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் சார்த்தி வைத்திருந்தார். முந்தின நாள்தான் நிரப்பி வந்தாராம், மறுநாள் இறங்குவதாக இருந்தாராம். "அதை வெளிய கொண்டு போயி, காத்தத் தொறந்து விட்டுட்டு, வால்வைக் கழட்டிக் கவுத்துப் பாருங்க" என்றேன். நான் யார், எதற்குச் சொல்கிறேன் என்று கேட்காமலே செய்தார். காற்று சீறி முடியக் கால் மணி நேரம் ஆனது. பிறகு கவிழ்த்தார். ஒன்றிலிருந்து துருத் தூள். இன்னொன்றிலிருந்து ஒரு டம்ளர் அளவு செம்மண் மாதிரித் தண்ணீர். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"விக்கும்போது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

"இந்தப் பஞ்ச் அடிச்சவர்?"

"என் கூடப் பொறந்தவன். அவனுக்கும் தெரியும்."

உன் கடிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். நாற்பத்தாறு என்று நீ எழுதியிருக்கிற இடத்தில் விரலை வைத்து, "மீதிப் பேரு எங்க?" என்றார். பேரேடு உன்னிடம் இருப்பதைச் சொன்னேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்கண்ணன் குடும்பத்தையும் சேத்துக் கவுத்துட்டியே" என்று கத்தினார். அந்தப் படியில் உட்கார்ந்தவளுக்கும் குடும்பம் இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவரோடு பேச எதுவும் இல்லை. நீ மயக்கத்தைப் பற்றி மார்ச்சிலேயே யோசித்தாய் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து உன்னோடும் எனக்குப் பேச எதுவும் இல்லை. நான் விதவையாகக்கூடும் என்று தெரிந்தும், ஊசி குத்தின விரலைப் பற்றி விசாரித்துக் கடிதம் எழுதினாய்.

கூண்டுக்காரர் நாளைக் காலையில் உன் பட்டறைக்குக் கிளம்புகிறார். லாரி கிடைத்தால் லாரி, இல்லாவிட்டால் பஸ். இந்தக் கடிதம் அவருக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று தெரியவில்லை. பின்னால் வந்தால் நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. முன்னால் வந்தால், அந்தப் பேரேட்டைக் கொளுத்திவிடாதே.

நீ கொளுத்த மாட்டாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை.

குட்டி